தாளின் முதுகு

பரீட்சையில் மூன்றாம் கேள்வி:
மாற்றுச்சீட்டு என்றால் என்ன?
இரண்டு வரி. இரண்டு மதிப்பெண்.
நாற்பத்தோரு வயதில் கணக்கியல் எழுத வந்தவள்
இரண்டு வரியில் நிற்கவில்லை.
முழுப்பக்கம் எழுதினேன்,
பிறகு எல்லாவற்றையும் அடித்தேன்.
அடித்தது இது:

பகாவ் ஊரில், செம்பனைக் குலை வாங்கும் மேடையில்
எடைக் கிராணி நான்.
லோரி ஏறும், முள் நடுங்கும்,
குலை இறங்கியதும் வெறும் லோரியைக் கழிப்பேன்.
காசு அன்றைக்கே வராது.
ஆலை எண்ணெய் பிழிய வேண்டும், கப்பல் போக வேண்டும்,
எங்கோ யாரோ வடை சுட வேண்டும்.
அதுவரை ஒரு தாள்.

ஆறு மாசச் சம்பளப் பாக்கிக்குத்
தவுக்கே லியூ என் பேருக்கு அதை எழுதினார்.
ஆலைக்குக் கட்டளை:
இன்றிலிருந்து தொண்ணூறாம் நாள்
இவளுக்கு நாலாயிரத்து எண்ணூறு வெள்ளி கொடு.
ஆலைக்காரர் தாளின் குறுக்கே
ஏற்கிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டார்,
சாரல் அடித்த மாதிரிச் சாய்வாக.
அந்த ஒரு சொல் விழும்வரை அது கடிதம்.
விழுந்த பிறகு காசு,
ஆனால் தூங்குகிற காசு.

என் வீட்டுக் கூரைக்குத் தொண்ணூறு நாள் தெரியாது.
கூட்டு பிடிக்கும் அன்னபாக்கியத்திடம் போனேன்.
நாலாயிரத்து ஐந்நூறு எண்ணித் தந்தாள்.
குறைந்த முந்நூறு, காத்திருப்பதற்கு அவள் கேட்ட கூலி.
பொறுமை என்ன விலை என்று
அன்றுதான் நோட்டு நோட்டாகப் பார்த்தேன்.
தாளைத் திருப்பி முதுகில் என் பேரை எழுதினேன்.

அவள் எழுதி லோரி சங்கிலிமுத்துவுக்குக் கொடுத்தாள்.
அவர் மசகு அப்பிய பெருவிரலை வைத்து
டயர் கடை ஆ ஃபூக்கிடம் தள்ளினார்.
ஆ ஃபூக் மூன்று எழுத்து, மூன்று கீறல்.
அது மளிகை நைனார் மைதீன் கல்லாவில் போய்ப் படுத்தது,
அரிசிப் பாக்கிக்காக.
ஒரு வெள்ளியும் அசையவில்லை,
மூன்று கடன் தீர்ந்திருந்தது.
கடைத்தெருவில் எல்லாரும் எல்லாரையும் பார்த்துச்
சிரித்துக்கொண்ட வாரங்கள் அவை.

தொண்ணூறு முடிந்தால் மேலும் மூன்று நாள் உண்டு,
கருணை நாள்.
சட்டப் புத்தகத்தில் அந்தச் சொல் எப்படி நுழைந்தது என்று
இரண்டு தரம் படித்துப் பார்த்தேன்.
முதல் கருணை நாள் மழை.
இரண்டாவதில் ஆலைப் புகைபோக்கி புகையவில்லை.
மூன்றாவதில் வாசலில் சங்கிலி.

நைனார் மைதீன் ஆ ஃபூக்கிடம் வந்தார்.
ஆ ஃபூக் சங்கிலிமுத்துவிடம்.
அவர் லோரியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு
அன்னபாக்கியத்திடம்.
பேர்கள் எந்த வரிசையில் ஏறினவோ
அதே வரிசையில் கடன் இறங்கிற்று.

அவள் சத்தம் போடவில்லை.
தாளைக் குப்புறப் போட்டு
எல்லாருக்கும் மேலே இருந்த என் பேரில் விரலை வைத்தாள்.
கோணாத எழுத்து. பள்ளியில் பரிசு வாங்கிய எழுத்து.
மசகு ரேகைக்கு மேலே
அது மட்டும் புதிதாக இருந்தது.

தவுக்கே வீட்டுக்குப் போனேன். நாய் மட்டும் இருந்தது.
வளையல் இரண்டும் அடகுக்கடைக்குப் போயின.
மீதிக்குப் பதினோரு மாதம்
சம்பள நாளில் அவள் வாசலில் நின்றேன்.
எழுதித் தா என்று ஒரு தடவையும் கேட்கவில்லை.
அந்தக் கடனுக்கு என்ன பேரென்று
இந்தப் பாடப்புத்தகத்தில் இல்லை.

இவ்வளவையும் அடித்துவிட்டு
இரண்டு வரி எழுதினேன்:
குறித்த தொகையைக் குறித்த நாளில்
நிபந்தனையின்றிச் செலுத்தும்படி
ஒருவர் மற்றொருவருக்கு இடும் எழுத்துக் கட்டளை.

நிபந்தனையின்றி என்ற இடத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.

மணி அடிக்கப் பத்து நிமிடம்.
நாலாம் கேள்வியைத் தேடினேன்.
தாளின் பின்பக்கம் இருந்தது.